பதினைந்து மீனும் ஐந்து கோழியும்

அத்தியாயம் 4

போடிநாயக்கனூரில் கடல் கிடையாது. மலையேறி இறங்கினாலும் சரி, சமவெளியில் ஓடினாலும் சரி, ஒரு முழுப் பகல் பஸ்சில் குலுங்கினால்தான் அலைச்சத்தம் கேட்கும். அதுவரைக்கும் உப்புத்தண்ணீர் என்றால் ஊறுகாய் ஜாடி, இல்லாவிட்டால் கண்ணீர்.

அப்பேர்ப்பட்ட ஊரில், எண்பத்து மூன்றாம் வருடம், ஏலக்காய் வியாபாரி வெள்ளைத்துரை தன் வீட்டுக் கூடத்தில் கடலைக் கொண்டுவந்து குடிவைத்தார். நாலடிக் கண்ணாடித் தொட்டி. அதற்குள் கடல்மணல், ஒரு பாறைத்துண்டு, கட்டைவிரல் நீளத்தில் இருபத்து நான்கு கடல்மீன்கள். பம்பாயில் அவரிடம் ஏலக்காய் வாங்கும் சேட்டு வீட்டில் அப்படி ஒன்றைப் பார்த்துவிட்டாராம். அது தன் வீட்டில் இல்லாவிட்டால் போடிக்கே தலைகுனிவு என்று தோன்றிவிட்டதாம். போடிக்கு அப்படியெல்லாம் ஒன்றும் தோன்றவில்லை.

வியாழக்கிழமைதோறும் தூத்துக்குடியிலிருந்து உப்பு லோடு ஏற்றி வரும் லாரியில், மூட்டைகளுக்கு மேலே எட்டு கேன் கடல்நீர் வரும். பழைய தண்ணீர் போகும், புதுத் தண்ணீர் ஏறும். இரண்டே மாதத்தில் தண்ணீர் அப்படியே இருந்தது. மீன்தான் ஒன்பதாகிவிட்டது.

“மிச்சம் பதினஞ்சையும் தின்னவ அந்தா நிக்கிறா” என்றார் வெள்ளைத்துரை, ஊஞ்சலில் ஆடிக்கொண்டே. ஆள் பருமன் ஒரு ஊஞ்சலுக்கு ஒன்றரை. சங்கிலி ஒவ்வொரு ஆட்டத்துக்கும் கடவுளைக் கூப்பிட்டது.

அடுப்படிக் கதவோரம் சுருளியம்மாள் நின்றாள். பதினோரு வருடமாக அந்த வீட்டில் சமைக்கிறவள். முந்தின நாள் குரங்கணிக்குப் பஸ்சு ஏறிப் போய் துப்பறியும் பெத்துராஜைக் கையோடு அழைத்து வந்தவளும் அவள்தான்.

பெத்துராஜ் மலையடிவாரச் சோதனைச் சாவடியில் இருபத்தெட்டு வருடம் மூக்கை வைத்துச் சம்பளம் வாங்கியவர். கல்யாணப் பெண்ணின் கொண்டைக்குள் ஒளித்துக் கடத்திய இரண்டு கிலோ ஏலக்காயை ஜீப்பு வளைவில் திரும்பும் முன்பே மோந்து பிடித்தவர். அவருடைய உதவியாளன் மொக்கச்சாமி, ஜீப்பு ஓட்டுகிறவன். அவன் ஜீப்புக்குப் பிரேக் கொஞ்சம் பிடிக்கும். வாய்க்கு அதுவும் கிடையாது.

“தின்னதைப் பாத்தீகளா?” என்று கேட்டார் பெத்துராஜ்.

“பாக்கணுமாக்கும்? வியாழக்கிழமை தண்ணி மாத்துறேன். வெள்ளிக்கிழமை பூசை முடிச்சு எண்ணுறேன். ஒண்ணோ ரெண்டோ குறையுது. நடுவுல விடியக்காலைல கூடத்தைக் கூட்டுறவ யாரு? இவதான். கைய மோந்து பாருங்க, கவிச்சி அடிக்கும். அது போகட்டும், இதை மோந்து பாருங்க.”

மடியிலிருந்த தட்டை நீட்டினார். பாதி தின்ற ஆம்லெட். பெத்துராஜ் குனிந்து முகர்ந்தார். மீன்வாடை தெளிவாகவே அடித்தது.

“எம் மீனை வறுத்த சட்டியிலேயே எனக்கு ஆம்லெட் போட்டுக் குடுக்கிறா. ரெண்டு மாசமா! என்ன திண்ணக்கம் பாருங்க!”

“ரெண்டு மாசமா வாடையடிக்கிறதை விடாமத் தின்னுருக்கீகளே, உங்க பொறுமைய என்ன சொல்ல” என்றான் மொக்கச்சாமி.

“வீட்டுக் கோழி முட்டை. வீசி எறிய முடியுமா?” என்று சொல்லி மிச்சத்தையும் வாயில் போட்டுக்கொண்டார் வெள்ளைத்துரை. “இன்னிக்குச் சாயங்காலம் நாலு மணிக்குப் பூசாரி வர்றாரு. தெருவே வருது. இந்த வாசல்ல இவ சூடம் அணைச்சுச் சத்தியம் பண்ணணும். இல்லையா, களவாணின்னு ஒத்துக்கிட்டு நடையக் கட்டணும்.”

எரிகிற சூடத்தைக் கையால் அடித்து அணைத்து ‘நான் எடுக்கலை’ என்று சொன்னால் அந்தப் பக்கத்தில் வழக்கு தீர்ந்தது. பொய் சொன்னவர் வீடு விளங்காது என்பது நம்பிக்கை. ஆனால் சுருளியம்மாள் கசப்பாகச் சிரித்தாள்.

“அணைக்காட்டி களவாணி. அணைச்சா, ‘சூடம் அணைச்சவ’ன்னு காலம் முழுக்கப் பேரு. ரெண்டும் ஒண்ணுதாண்ணே. நாளைக்குக் காலைல ராசிங்காபுரத்துலருந்து எம்மக பொன்னுமணிக்குப் பூ வைக்க வர்றாக. பஸ்சை விட்டு இறங்கினதும் இந்தப் பேச்சுத்தான் அவுக காதுல விழும். எவுக வாசப்படி மிதிப்பாக?”

ஊஞ்சல் ஆடிக்கொண்டேயிருந்தது. பெத்துராஜ் அந்த ஆட்டத்தை, அழுகிய ஏலக்காயைப் பார்ப்பதுபோல ஒரு பார்வை பார்த்தார். பிறகு அடுப்படிக்குப் போய் ஆம்லெட் சட்டியை முகர்ந்தார். வெங்காயம், எண்ணெய், கரி. மீன் இல்லை. சட்டியை எடுத்த இடத்திலேயே வைத்தார்.

அடுத்தது தொட்டி. ஒன்பது மீன்களும் கண்ணாடியோரம் வந்து வாயைத் திறந்து திறந்து மூடின.

“மொக்கச்சாமி, என்னடா தெரியுது?”

“நம்மளத் திட்டுதுகண்ணே.”

“ஒழுங்காப் பாரு.”

“எல்லாம் கொழுகொழுன்னு ஒரே பருமனா இருக்கு. இந்தா இது மட்டும் கொஞ்சம் நோஞ்சான்.”

“வர்றப்பவும் ஒரே பருமனாத்தான் வந்துச்சா?” என்று பெத்துராஜ் திரும்பிக் கேட்டார்.

“ஒரே பருமன்தான். நாந்தான் தரம் பாத்து எடுத்தேன்” என்றார் வெள்ளைத்துரை. “அப்பறம் பாதி மீன் இளைச்சுப்போச்சு. இளைச்சதுகளாப் பாத்துத்தான் இவ அமுக்கியிருக்கா.”

பெத்துராஜ் புருவம் ஒரு அங்குலம் மேலே போனது. “கொழுத்ததை விட்டுட்டு நோஞ்சானை அமுக்குற திருடன் எந்த ஊர்லடா இருக்கான்?”

“வைத்தியம் பாக்குற திருடனா இருப்பான்ணே.”

“தீனி என்ன போடுறீக?”

வெள்ளைத்துரை நெஞ்சை நிமிர்த்தினார். “நாளைக்கு ஒரு பொரி.”

“ஒரு பிடி பொரியா?”

“ஒரு பொரி. நுணுக்கித் தூவுவேன். அதிகமாப் போட்டா தண்ணி கலங்கும். லாரித்தண்ணி என்ன ஆத்துலயா ஓடுது?”

மொக்கச்சாமி கணக்குப் போட்டுப் பார்த்தான். “இருபத்து நாலு பேருக்கு ஒரு பொரி. செயில்லகூட இதைவிட நல்லாக் கவனிப்பாங்கண்ணே.”

பின்கட்டுக்கு வந்தார்கள். அங்கே துவைகல்லும், அதையொட்டிச் சுவருக்குள் நுழையும் ஒரு சாக்கடை ஓட்டையும் இருந்தன. சுவரில் ஒரு தகரச் சல்லடை தொங்கியது. ஏலக்காயைப் பருமன் பார்த்துப் பிரிக்கும் சல்லடை. தகரம் முழுக்க அம்மைத் தழும்புபோல வட்ட வட்ட ஓட்டை. அதன் மேல் வெள்ளையாக உப்புப் பூத்திருந்தது.

“ஏலக்காயில ஊறுகாய் போட்டிருப்பாரோ?” என்றான் மொக்கச்சாமி.

“எட்டு மில்லிமீட்டர் சல்லடை” என்று உள்ளேயிருந்து கத்தினார் வெள்ளைத்துரை. “அதுல நின்னாத்தான் முதல் தரம். முப்பது வருசத்துல நான் அதுக்குக் கீழ குனிஞ்சு பாத்ததில்ல. மேல நிக்கிறது சரக்கு. கீழ விழுகிறது எவனுக்கு வேணும்?”

பின்வாசல் வழியாகத் தோட்டத்துக்கு இறங்கியபோது சுருளியம்மாள் பின்னாலேயே வந்தாள். அவள் முந்தானை முடிச்சிலிருந்து சிவப்பாக ஏதோ பொடி கொட்டியது. மொக்கச்சாமி விரலில் தொட்டு முகர்ந்து முகத்தைச் சுளித்தான்.

“கூனிக் கருவாட்டுத் தூள். அண்ணே, நம்ம கட்சிக்காரி நம்மளையே கவுத்துட்டாக.”

சுருளியம்மாள் சுற்றும் முற்றும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள். “மொதலாளி ஏலத்துக்குப் போற நாள்ல தொட்டியில ஒரு சிட்டிகை போடுவேன். அதுக வாயைத் திறந்து திறந்து மூடுறதப் பாத்தா நமக்குச் சோறு இறங்குமா? தெரிஞ்சா வேலை போயிரும்னு சொல்லாம இருந்தேன். முந்திக்கிட்டுத் தின்னது பிழைச்சுக்கிருச்சு. பிந்தினது இளைச்சிருச்சு.”

“கையில கவிச்சி அதுனாலதானா?”

“வேற எதுனால? நான் மீன் தின்னே மூணு வருசமாச்சுண்ணே. நாக்குல புண்ணு.”

பெத்துராஜ் பதில் சொல்லுமுன் தெருவில் லாரி ஹாரன் அடித்தது.

அந்த நொடியில் தோட்டத்தில் நடந்ததைப் பார்த்திராதவர் நம்பமாட்டார். நிழலில் படுத்துக்கிடந்த ஐந்து கோழிகளும், பட்டாளத்தில் விசில் ஊதினது மாதிரி எழுந்தன. இறக்கையை விரித்துக்கொண்டு ஓடின. சுவரோரத் தென்னையடியில் வெட்டியிருந்த பாத்தியைச் சுற்றி வட்டம் கட்டி நின்றன. உள்ளே சாக்கடை ஓட்டையில் ஊற்றுவது வாய்க்கால் வழியாக அந்தப் பாத்திக்குத்தான் வந்து சேரும். ஒரு கோழி வாய்க்கால் வாய்க்கே கழுத்தை நீட்டிப் பார்த்தது, கல்யாணப் பந்தியில் சாம்பார் வாளியைத் தேடுகிறவன் மாதிரி.

“அங்க ஒண்ணுமே இல்லையேண்ணே. எதுக்கு ஓடுதுக?”

பெத்துராஜ் சிரித்தார். இருபத்தெட்டு வருடச் சர்வீசில் அவர் அப்படிச் சிரித்தது நான்கு முறைதான் என்றும், நான்கு முறையும் ஒரு பணக்காரர் தலைகுனிந்தார் என்றும் குரங்கணியில் சொல்வார்கள்.

“இனிமே வரும்னு தெரிஞ்சு ஓடுதுக. இந்த வீட்ல மூளைன்னு இருக்கிறது இதுக அஞ்சுக்குத்தான்.”

கூடத்துக்குத் திரும்பி வெள்ளைத்துரையிடம் ரொம்பப் பணிவாகக் கேட்டார். “தண்ணி வந்திருச்சே, மாத்தலையாண்ணே? நாங்க நின்னு பாக்கலாமா?”

“ஆகாது. எங்கைதான் படணும். ஒவ்வொரு வாரமும் கதவை உள்தாழ் போட்டுக்கிட்டுத் தனியாத்தான் மாத்துவேன். கண்ணுபட்டா மீன் செத்துரும்.”

“நல்லதாப் போச்சு. தாழ் போட்டே மாத்துங்க. சுருளியம்மா தெருவாசல்ல எல்லாரும் பாக்க உக்காந்திருக்கட்டும். எங்களுக்குத் தோட்டத்துல கொஞ்சம் கோழி மேய்க்கிற சோலி இருக்கு.”

வெள்ளைத்துரை ஏளனமாகப் பார்த்தார். “இதுக்குத்தான் குரங்கணியிலருந்து வந்தீகளா?”

கேன்கள் இறங்கின. கதவில் தாழ் விழுந்தது. உள்ளே வாளிச் சத்தம் கேட்டது. தென்னையடியில் பெத்துராஜும் மொக்கச்சாமியும் கோழிகளோடு கோழியாகக் குத்தவைத்தார்கள். மொக்கச்சாமி கையில் ஒரு டம்ளர். அதில், லாரிக் கேனிலிருந்து பிடித்த கடல்நீர்.

“அண்ணே, இதை எம் பொண்டாட்டி பாத்தா சோறு போடமாட்டா.”

“பேசாம வாய்க்காலப் பாருடா.”

வாய்க்காலில் தண்ணீர் வந்தது. ஒரு வாளி, இரண்டு வாளி. கோழிகள் மூச்சுக்கூட விடவில்லை. ஏழாவது வாளித் தண்ணீரில் ஏதோ ஒன்று பளிச்சென்று துள்ளியது. ஐந்து கழுத்தும் ஒன்றாகக் குனிந்தன. மொக்கச்சாமி பாய்ந்தான். இறக்கை, சேறு, கொக்கரிப்பு, அவன் தாய்மொழியில் சில வசவுகள். எழுந்து நின்றபோது அவன் மூக்கில் ஒரு கொத்து, டம்ளரில் ஒரு மீன்.

நோஞ்சான் மீன்.

நாலு மணிக்கு வாசலில் தெரு முழுக்கக் கூடியிருந்தது. போடியில் ஒருத்தி மானம் போகிறது என்றால் ஏலத்துக்கு வருகிற கூட்டத்தைவிட அதிகம் வரும். பூசாரி தட்டில் சூடத்தை வைத்தார். வெள்ளைத்துரை பட்டுத்துண்டு போட்டுக்கொண்டு கதவைத் திறந்து வந்தார்.

“கொளுத்துங்க பூசாரி” என்றார் பெத்துராஜ். “ஆனா அதுக்கு முன்னால, அண்ணே, மீனை ஒருக்கா எண்ணிருங்க.”

“நாளைக்குக் காலைலதான் எண்ணுவேன்.”

“இன்னிக்கு எண்ணுனா மீன் கோவிச்சுக்கிருமா?” என்றது கூட்டத்தில் ஒரு குரல்.

வெள்ளைத்துரை உள்ளே போய் எண்ணினார். மறுபடி எண்ணினார். விரலை மடக்கி மூன்றாம் தரம் எண்ணினார். வெளியே வந்தபோது பட்டுத்துண்டு நனைந்திருந்தது.

“எட்டு” என்றார். “பாத்தீகளா! இப்பவும் ஒண்ண எடுத்துட்டா!”

“யாரு? சுருளியம்மா மதியத்துலருந்து இந்த வாசல்ல, இத்தனை பேர் கண்ணு முன்னால உக்காந்திருக்கு. கதவு உள்தாழ். உள்ள இருந்தது நீங்க ஒருத்தர்தான்.”

கூட்டம் ‘ம்’ என்றது. மொக்கச்சாமி டம்ளரைத் தூக்கிக் காட்டினான். “ஒம்போதாவது ஆள் இங்க இருக்காரு. மூக்குல கொத்து வாங்கி மீட்டது.”

பெத்துராஜ் சல்லடையை எடுத்து வரச்சொல்லி எல்லோரும் பார்க்கப் பிடித்தார். “பழைய தண்ணிய இதுலதான வடிகட்டுனீக?”

“ஆமா. மீன் மேல நிக்கும், தண்ணி கீழ போயிரும். மீனை அள்ளிப் புதுத்தண்ணியில விட்டுருவேன். எட்டு மில்லியில எப்படி மீன் போகும்? கட்டைவிரல் நீளம்!”

பெத்துராஜ் சட்டைப்பையிலிருந்து நீளமான ஒல்லி ஏலக்காய் ஒன்றை எடுத்துச் சல்லடையில் போட்டார். அது படுத்துக்கிடந்தது. ஒரு தட்டுத் தட்டினார். ஏலக்காய் செங்குத்தாக நிமிர்ந்து, ஓட்டை வழியே கீழே விழுந்தது.

“ஏலக்காய்க்காரரே, நீளத்தையா சல்லடை பாக்குது? பருமனைத்தான் பாக்குது. மீனும் தண்ணியோட போறப்ப தலைய முன்னால விட்டுத்தான் போகும். முதல் வாரம் கொழுத்து வந்துச்சுக, நின்னுச்சுக. நீங்க ஒரு பொரி போட்டு வளர்த்தீக. இளைக்க இளைக்க வாரத்துக்கு ஒண்ணு ரெண்டா எட்டு மில்லிக்குக் கீழ வந்துச்சுக. நழுவிப்போச்சுக. முப்பது வருசமா நீங்கதான் கீழ குனிஞ்சு பாக்கிறதே இல்லையே. இந்த எட்டு மிச்சம் நிக்கிறதும், சுருளியம்மா உங்களுக்குத் தெரியாமத் தன் காசுல தீனி போட்டதுனாலதான்.”

சுருளியம்மாள் முந்தானை முடிச்சை அவிழ்த்துப் பூசாரி மூக்கருகே காட்டினாள். பூசாரி இரண்டு தும்மல் தும்மி உறுதி செய்தார்.

“அப்ப மீனெல்லாம் எங்க போச்சு?” என்றார் வெள்ளைத்துரை. குரல் பொரி அளவுக்கு நுணுங்கிவிட்டது.

“தென்னையடிக்கு. அங்க உங்க கோழிக அஞ்சும் லாரி ஹாரன் கேட்டதும் இலை போட்டு உக்காந்திருக்கு. வாரம் தவறாம மீன் விருந்து. மீன் தின்ன கோழி என்ன முட்டை போடும்?”

கூட்டத்தின் பின்வரிசையில் யாரோ முதலில் சிரித்தார்கள். அது தெரு முழுக்கப் பரவியது. பக்கத்துத் தெருவில் விஷயம் தெரியாதவர்களும் சும்மா இருப்பானேன் என்று சிரித்தார்கள்.

“சட்டியில வாடை இல்ல” என்றார் பெத்துராஜ். “முட்டையில இருந்துச்சு. பதினஞ்சு மீனும் கோழி வழியா வேற எங்கயும் போகல, நேரா உங்க தட்டுக்குத்தான் வந்துச்சு. ரெண்டு மாசமா, வெங்காயம் போட்டு.”

வெள்ளைத்துரை ஏப்பம் விட்டார். பாவம், வேண்டுமென்று விட்டதில்லை. முன்வரிசை மூக்கைப் பொத்திக்கொண்டது.

பூசாரி சூடத்தைக் கொளுத்திவிட்டு, தட்டை யார் பக்கம் நீட்டுவது என்று தெரியாமல் நின்றார். மொக்கச்சாமி அதை மெல்ல வெள்ளைத்துரை பக்கமாகத் திருப்பிவிட்டான். “தின்னவரு அணைக்கட்டும்.”

“வேணாம்” என்றாள் சுருளியம்மாள். அவள் குரலுக்குத் தெரு அடங்கியது. தட்டை வாங்கித் தரையில் வைத்தாள். “சூடம் கெடக்கு, அது தானா எரிஞ்சு தீரட்டும். மொதலாளி, பதினோரு வருசம் உங்களுக்கு ஆக்கிப் போட்டேன். ஒரு நாள், ஒரே ஒரு நாள் குனிஞ்சு பாத்திருந்தா தெரிஞ்சிருக்கும். நாளைக்குக் காலைல ஒம்போது மணிக்கு என் வீட்டு வாசலுக்கு வாங்க. ராசிங்காபுரத்துக்காரக முன்னால, மீனைத் தின்னது நாந்தான்னு உங்க வாயால சொல்லுங்க. சொல்லலைன்னா, இந்தத் தெருவுல ஒரு பொம்பள உங்க வீட்டுக்குச் சமைக்க வரமாட்டா.”

தெருப் பெண்கள் நாற்பது பேரும் ஒரே சமயத்தில் தலையாட்டினார்கள். வெள்ளைத்துரைக்கு அடுப்பு எந்தப் பக்கம் பற்றும் என்றுகூடத் தெரியாது. அவரும் தலையாட்டினார்.

சுருளியம்மாள் வீட்டு வாசல்நிலை குட்டை. மறுநாள் காலை ஒன்பது மணிக்கு அதற்குள் நுழைய வெள்ளைத்துரை நன்றாகக் குனியவேண்டியிருந்தது. பெத்துராஜ் அதைக் கவனித்தார். உள்ளே பாயில் ராசிங்காபுரத்து ஆட்கள் பூத்தட்டோடு உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் மாப்பிள்ளையின் தாய்மாமன், மீசையே இரண்டு கிலோ தேறும்.

“பஸ்சு ஸ்டாண்டுலயே ஒரு பேச்சுக் கேட்டுச்சு, மீன் களவுன்னு” என்றார் அவர், மீசையைத் தடவியபடி.

வெள்ளைத்துரை தோளில் கிடந்த துண்டை எடுத்துக் கக்கத்தில் வைத்தார். “அது... அந்த மீனைத் தின்னது நாந்தேன். சுருளியம்மா மேல ஒரு குத்தமும் இல்ல.”

“பதினஞ்சையுமா?”

“பதினஞ்சையும்.”

தாய்மாமன் அவரை மேலிருந்து கீழாக ஒருமுறை பார்த்தார். பிறகு பூத்தட்டைப் பொன்னுமணி பக்கம் நகர்த்தினார். மாப்பிள்ளையின் அக்கா கைநிறைய மல்லிகையை எடுத்து அவள் தலையில் வைத்தாள். குலவைச் சத்தம் அடங்கியதும், மனதில் குடைந்துகொண்டிருந்ததைத் தாய்மாமன் கேட்டே விட்டார்.

“ஆமாண்ணே, கொழம்பு வச்சா, வறுத்தா?”

வெள்ளைத்துரை தரையைப் பார்த்தபடி சொன்னார்.

“ஆம்லெட்.”